மே/பா

மாடிவீட்டு வைஃபை எங்கள் வீட்டில்
ஒரே இடத்தில்தான் இறங்கும்:
சமையலறை ஜன்னல், உப்பு ஜாடிக்கு இடப்பக்கம்.
அங்கேயும் இரண்டு கோடு.
சூளைமேட்டில் மழையென்றால் ஒன்று.

கடவுச்சொல் தந்தபோது வீட்டுக்காரர் மகன் சொன்னான்:
"ஒரு லேப்டாப்புக்குத்தான்க்கா.
ரெண்டாவது போட்டா தானா கட் ஆயிடும்,
செட் பண்ணி வெச்சிருக்கேன்."
அவன் அப்பா வாடகை பேசியபோது சொன்னதும்
கிட்டத்தட்ட அதேதான்.
ஒரு ஆளுக்குத்தான் வீடு. ஒரு ஆளுக்குத்தான் தண்ணீர்.

எப்சிபா நாலு நாளைக்கென்று வந்தாள்.
எட்டு மாதம் ஆகிறது.
வரும்போதே ஷேர் ஆட்டோவில்
இரண்டு ஆள் காசு கொடுத்து
பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள்
தன் டெஸ்க்டாப்பை.
கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற பெட்டி.
அதில் எல்லாம் உண்டு,
வைஃபை மட்டும் கிடையாது.

இன்றைக்கு ராயபுரத்துக் கல்யாணம், பதினோரு ஜிபி.
பெண்ணின் அண்ணன் ஷார்ஜாவில்
காலை ஷிஃப்டுக்கு முன் பார்க்க வேண்டுமாம்.
இரண்டு போனிலும் டேட்டா
எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.

ரிச்சி தெருவில் வாங்கிய மஞ்சள் கேபிள், பத்து மீட்டர்.
உப்பு ஜாடியில் தொடங்கி
சிலிண்டரைச் சுற்றி
குளியலறை வாசலைத் தாண்டி
அவள் அறைக்குப் போனது.
இரண்டு முனையிலும் பச்சை விளக்கு.
ஆனாலும் ஒன்றும் வரவில்லை.

லினக்ஸில் அதற்கென்று ஒரு கோப்பு இருக்கிறது,
உள்ளே ஒரே ஒரு எண்.
உனக்கு வருவதை
அடுத்தவருக்குக் கடத்துவாயா என்ற கேள்விக்கு
அது பிறந்ததிலிருந்து சொல்லும் பதில்:
பூஜ்யம்.
"அது மட்டுமா?" என்றாள் எப்சிபா.
நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பூஜ்யத்தை ஒன்றாக்கினேன்.
அடுத்த கட்டளைக்குப் பெயரே மாறுவேடம்,
நான் இட்டுக்கட்டவில்லை.
அவள் பெட்டியிலிருந்து கிளம்புவதெல்லாம்
என் லேப்டாப்பின் பெயரில் தெருவுக்குப் போகும்.
பதில் என் பெயருக்கே வரும்.
கேட்டது யாரென்று நினைவு வைத்திருந்து
லேப்டாப் உள்ளே தள்ளிவிடும்.

மே/பா மாதிரி, என்றேன்.
உடனே புரிந்துவிட்டது அவளுக்கு.
வங்கிக் கடிதம், கூரியர்,
பாளையங்கோட்டையிலிருந்து அவள் அம்மா அனுப்பும்
அதிரச டப்பா,
எல்லாவற்றிலும் அவள் பெயருக்குக் கீழே
மே/பா வ. பூங்கோதை.

எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வந்தது.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் இல்லை.
அரைமணி நேரம் அதிலேயே போனது.
பெயரை எண்ணாக மாற்றித் தர
ஒரு ஆளை நியமிக்க மறந்திருக்கிறேன்.
அந்த ஒரு வரியை அவளே அடித்தாள்,
தப்பாக, பிறகு சரியாக.

ஒரு சதவீதம்.
தூக்கம் வந்தாலும் லேப்டாப்பை மூடக்கூடாது,
மூடினால் உள்ளறையில் உலகம் போய்விடும்.
நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.
அவள் அங்கிருந்து
பதினேழு, என்பாள்.
கொஞ்ச நேரம் கழித்து, பதினேழுதான்.

இரண்டே முக்காலுக்கு மாடியிலிருந்து மெசேஜ்:
"அக்கா, நைட்டு ஒன்பது ஜிபி போயிருக்கே?
தனியாத்தானே இருக்கீங்க?"
படம், என்று அனுப்பினேன்.
கல்யாணப் படம்.
பொய்யில்லை.

பிறகு எழுந்து போய்
கதவுக்கு வெளியே கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பில்
அவளுடையதை உள்ளே எடுத்துவைத்தேன்.
தினமும் பத்து மணிக்குச் செய்வது,
இன்றைக்குத்தான் மறந்துபோனது.

மறுபடி ஆன் செய்தால்
அந்த ஒன்று அழிந்து
பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
நிலையாக இருக்க வேண்டுமென்றால்
வேறொரு கோப்பில் எழுதிச் சேமிக்க வேண்டும்.
எழுதினேன்.
பிப்ரவரியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது.
அதில் பெயருக்கு ஒரே வரிதான் விட்டிருப்பார்கள்.

தொண்ணூற்று நாலு, என்கிறாள்.